வாசலில் சிவந்த துணி

முன்னொரு காலத்தில் என்று ஆரம்பித்தால் நீங்கள் ராஜாவையும் அரண்மனையையும் தேடுவீர்கள். இது அவ்வளவு பழைய காலமில்லை. ஒரு ஊரில் ஒரு ஜாக்கெட் துணிக்கடை இருந்தது, அவ்வளவுதான். ஊர் மதுரை. விளக்குத்தூண் பக்கத்தில் ஒரு சந்து. எதிரெதிரே இரண்டு பேர் வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டி நின்று வழிவிட வேண்டும். சந்துக்கு மேலே தகரக் கூரை. அதில் மூன்றாவது கடைதான் சங்குமணி மேட்சிங் சென்டர்.

கடையின் அகலம் ஆறடிதான். உயரத்துக்குக் குறைச்சலில்லை. தரையிலிருந்து கூரைவரை பலகைத் தட்டுகள், ஒவ்வொரு தட்டிலும் ஒரு குடும்பம். கிளிப்பச்சைக் குடும்பம், மாம்பழ மஞ்சள் குடும்பம், வாடாமல்லி, கத்தரிப்பூ, வெங்காயத்தோல், மயில்கழுத்து, அரக்கு, காப்பி. குடும்பத்துக்கு ஏழெட்டுத் துணிக்கட்டுகள். உங்கள் கண்ணுக்கும் என் கண்ணுக்கும் அந்த ஏழும் ஒன்றுபோலத்தான் இருக்கும். புடவையைப் பையில் போட்டுக்கொண்டு வரும் பெண்கள் அப்படி விடமாட்டார்கள். கிளிப்பச்சை இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இன்னொன்று இல்லையா என்று கேட்பார்கள்.

அந்தச் சந்து முழுவதற்கும் ஒரு வழக்கம் உண்டு. உள்ளே துணி பொருந்திவிட்டது என்று தெரிந்ததும் யாரும் 'வெட்டுங்க' என்று சொல்வதில்லை. தலைக்குமேல் விளக்கு பளபளவென்று எரியும்போதே, "இருங்க, வெளிச்சத்துல ஒருவாட்டி பாத்துக்கிறேன்" என்று புடவையையும் துணியையும் அள்ளிக்கொண்டு வாசற்படிக்குப் போய்விடுவார்கள். தகரக் கூரையில் ஒரு தகடு எப்போதோ காற்றில் பறந்து போயிருந்தது. அந்த ஓட்டை வழியாகப் பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டு மணிவரை ஒரு பாய் அகலத்துக்குப் படிமேல் வெயில் விழும். துணிகளுக்கு அந்தப் படிதான் பரீட்சை.

இந்த வழக்கம் ஒருவருக்கு மட்டும் ஆகவே ஆகாது. அவர் கடையின் நடுக்கூரையில் நீட்டிப் படுத்திருந்த குழல்விளக்கு. போன பொங்கலுக்கு மாட்டிய புது எல்.இ.டி. மின்சாரம் கொஞ்சமாகத் தின்று வெள்ளை வெளேரென்று எரிவார். அந்தப் பெருமை தாங்காமல் எப்போதும் மேடையில் நிற்கிறவர் போலத்தான் பேசுவார்.

"அன்பார்ந்த துணிகளே," என்பார், காலையில் சுவிட்சைப் போட்டதும். "நீங்கள் நிறம் நிறம் என்று அலட்டிக்கொள்கிறீர்கள். நேற்று ஷட்டரை இறக்கி என்னை அணைத்தபிறகு உங்களில் பச்சை எது, மஞ்சள் எது? எல்லாம் ஒரே இருட்டு. ஆகவே உங்கள் நிறம் உங்களுடையது அல்ல. அது நான் பார்த்து வழங்குவது."

ஷட்டர் இறங்கியபின் கிளிப்பச்சை பக்கத்துத் தட்டைப் பார்த்து 'யாரது?' என்று கேட்பது உண்மைதானே. அதனால் எல்லாரும் அவருக்கு ஐயா போட்டுப் பேசினார்கள்.

காப்பிக் குடும்பத்தின் ஏழாவது துணிக்கட்டுக்குக் காப்பி ஏழு என்று பெயர். அது அந்தக் குடும்பத்தில் பிறந்ததல்ல. ஒரு மழைநாளில் வந்து இறங்கிய மூட்டையில் சீட்டுக் கழன்று வந்து சேர்ந்தது. கடையில் துணி எடுத்துக் காட்டுகிறவள் ஜெயக்கொடி. அவள் அதைக் குழல்விளக்கின் கீழே பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "காப்பித்தூள் கலரு" என்று தீர்ப்புச் சொல்லிக் காப்பித் தட்டின் ஓரத்தில் செருகிவிட்டாள். "ஆமாம், காப்பிதான்" என்று மேலேயிருந்து குழல்விளக்கும் முத்திரை குத்திவிட்டார்.

காப்பி ஏழுக்கு அதில் வருத்தம் எதுவுமில்லை. காப்பியென்றால் காப்பி. யாராவது ஒருத்தி எடுத்துத் தைத்துப் போட்டுக்கொண்டு, கல்யாணம் காதுகுத்து என்று நாலு இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனால் போதும். ஜாக்கெட் துணிக்கு அதற்குமேல் என்ன ஆசை இருக்கப் போகிறது?

வினை வாசலில் காத்திருந்தது. காப்பிநிறப் புடவையோடு வந்த முதல் பெண் உள்ளே, "அச்சு அசலா இருக்கே" என்றாள். காப்பி ஏழு பூரித்துப் போனது. படிக்குப் போனார்கள். வெயில் பட்டதும் அதற்கு உடம்பெல்லாம் குப்பென்று சிவப்பு ஏறியது. "ஐய, செவப்படிக்குது" என்று அந்தப் பெண் துணியை ஜெயக்கொடி கையில் திணித்துவிட்டுப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டாள். இரண்டாவதாக வந்தவளும் அதையேதான் சொன்னாள். மூன்றாவது வந்தவர் ஒரு டீச்சர். "காப்பின்னு சொல்லிட்டு ரத்தமாட்டம் ஒண்ணக் குடுக்குறீங்களே" என்று ஜெயக்கொடியை ஒரு பார்வை பார்த்தார்.

பக்கத்தில் இருந்த காப்பி ஆறு வாய்த்துடுக்கு. அது சும்மா இருக்குமா?

"ஏம்ப்பா, உள்ள இருக்கும்போது எங்கள மாதிரி ஒழுங்காத்தான இருக்க. வாசல்ல போயி நின்னதும் என்ன வெக்கம் வேண்டிக்கெடக்கு? ஒன்னயப் பொண்ணு பாக்கவா வந்துருக்காக?"

"எனக்கே தெரியலண்ணே. அந்தப் படிக்குப் போனாலே மொகம் செவந்துருது."

"அடக்கிப் பாரு. மூச்சப் பிடிச்சுக்க."

நான்காம் முறை அது மூச்சைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடிக்கொண்டு, மனசுக்குள் 'காப்பி, காப்பி' என்று சொல்லிக்கொண்டே போனது. அன்றைக்கு வெயில் கொஞ்சம் கூடுதல். முன்னைவிட நன்றாகவே சிவந்தது. அதிலிருந்து காப்பித் தட்டில் அதற்கு வெட்கக்காரன் என்று பெயர் விழுந்துவிட்டது. அதுவும் தன் நுனியை யாருக்கும் தெரியாமல் உள்ளே மடித்து வைத்துக்கொள்ளப் பழகியது.

ஒருநாள் பொறுக்கமாட்டாமல் குழல்விளக்கிடமே முறையிட்டது.

"ஐயா, நீங்க சொல்லுங்க. நான் என்ன கலரு?"

"காப்பி. அதில் சந்தேகமே வேண்டாம்."

"அப்ப வாசல்ல மட்டும் ஏன் செவக்குறேன்?"

"அது உன் ஒழுக்கக் குறைபாடு. என் பார்வையை விட்டு விலகியதும் மனம்போன போக்கில் போகிறாய். வெளியே போகாமல் இரு, சரியாகிவிடும்."

வெளியே போகாமல் இருந்தால் யார் வாங்குவார்கள் என்று கேட்க அதற்கு வாய் வரவில்லை. பெரியவர்கள் இப்படிப் பேசும்போது நமக்கும் வாய் வருவதில்லை.

ஆடித் தள்ளுபடி முடியும் நாள் வந்தது. ஆவணியில் முகூர்த்தம் தொடங்கிவிடும். புதுச் சரக்குக்குத் தட்டில் இடம் வேண்டும். கடைக்காரர் சௌந்தரபாண்டி இடுப்பில் கைவைத்துக்கொண்டு அலமாரியை மேலிருந்து கீழ்வரை ஒரு பார்வை பார்த்தார்.

"ஜெயக்கொடி, ஓடாத சரக்கெல்லாம் எடுத்துச் சாக்குல போடும்மா. லேத் பட்டறைக்காரரு பன்னெண்டு மணிக்கு வந்து தூக்கிட்டுப் போயிருவாரு."

"எதெதுண்ணே?"

"அந்த ஓரம் கிழிஞ்ச மஞ்ச, சாயம் எறங்குன பச்ச. அப்பறம் காப்பியில ஒண்ணு வாசலுக்குப் போறதும் வர்றதுமாவே இருக்குல்ல, அதயும் போட்டுரு."

லேத் பட்டறை என்ற சொல்லைக் கேட்டாலே துணிகளுக்குக் குலை நடுங்கும். அங்கே துணியைச் சாண் சாணாகக் கிழித்து இயந்திரத்தின் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைப்பார்கள். ஒரே நாளில் பச்சை, மஞ்சள், காப்பி எல்லாம் ஒரே கரி. ஜெயக்கொடி கைநீட்டிக் காப்பி ஏழை உருவியபோது தட்டில் ஒரு கேலிச் சத்தம்கூட எழவில்லை. காப்பி ஆறு மட்டும், "போயிட்டு வாடா" என்றது. அங்கே போனவர்கள் யாரும் வந்ததில்லை என்று அதற்கும் தெரியும்.

சாக்குக்கு நல்ல மனசு. ஒரு காலத்தில் சீனி மூட்டையாக இருந்தது. பேச்சில் அந்த இனிப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"வாப்பா, வா. நெருக்கி உக்காரு. எனக்குள்ள கலர் பேதமெல்லாம் கெடையாது. வெளிய தெரியாம மடக்கி வச்சுக்கணுமா? தாராளமா மடக்கிக்க."

காப்பி ஏழு நுனியை மடித்துக்கொண்டு உள்ளே சுருண்டது. ஜெயக்கொடி சாக்கைத் தரையோடு இழுத்துக்கொண்டு போய் வாசற்படியின் ஓரத்தில் நிறுத்தினாள். அப்போதுதான் கூரை ஓட்டை வழியாக வெயில் படியில் இறங்கிக்கொண்டிருந்தது. சாக்கின் வாய்வழியே ஒரு கீற்று உள்ளேயும் வந்தது.

இதற்கு முன் வந்த நான்கு தடவையும் காப்பி ஏழு வெயிலிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. இனி இழக்க என்ன இருக்கிறது என்று இன்று வாயைத் திறந்தது.

"அண்ணே, ஒங்களுக்கு எம்மேல என்ன கோவம்?"

"கோவமா, எனக்கா?" என்றது வெயில். எந்நேரமும் வேலையில் இருந்தாலும் அவசரப்படாத ஆசாமி அது. "ஒன்னய இன்னைக்குத்தான் தம்பி நின்னு பேசிப் பாக்குறேன். எப்ப வந்தாலும் கண்ண மூடிக்கிருவ."

"உள்ள காப்பியாத்தான் இருக்கேன். நீங்க தொட்டதும் செவந்துர்றேன். ஒங்களாலதான் எம் பொழப்பு சாக்குக்குள்ள வந்துருச்சு."

"அட, நான் ஒனக்குச் செவப்புப் பூசுறேன்னா நெனச்சுக்கிட்டு இருக்க? எங்கிட்டப் பெயிண்டும் கெடையாது, பிரஷும் கெடையாது. நான் வெறும் பந்தி பரிமாறுற ஆளு."

"பந்தியா?"

"கல்யாணப் பந்தி மாதிரித்தான். எங்கிட்ட ஊதாவுல ஆரம்பிச்சுச் செவப்பு வரைக்கும் அம்புட்டுப் பதார்த்தமும் இருக்கு. எல்லா எலையிலயும் எல்லாத்தயும் வச்சுட்டுப் போயிட்டே இருப்பேன். ஆளுக்கு ஏத்தாப்புல வைக்கிற பழக்கம் கெடையாது. எதத் திங்கிறது, எத எலையில ஒதுக்கி வைக்கிறதுங்கிறது ஒங்க ஒடம்புல ஊறிக் கெடக்குற சாயத்தோட ருசி. கிளிப்பச்ச இருக்கே, மத்ததயெல்லாம் தின்னுட்டு பச்சைய மட்டும் ஒதுக்கிரும். பாக்குறவக கண்ணுக்கு எலையில மிஞ்சுனதுதான தெரியும்? அதான் பச்ச."

"வெள்ள?"

"வெள்ள வேட்டி எதையும் தொடமாட்டாரு. வச்சது வச்சபடி எலையில கெடக்கும். கருப்புக்கு நேர் எதிரா வயிறு. வழிச்சுத் தின்னுட்டு வெறும் எலையக் காட்டுவாரு. வெயில்ல கருப்புச் சட்ட போட்டுக்கிட்டு நடந்தவனக் கேட்டுப் பாரு, அம்புட்டையும் தின்னா ஒடம்பு எப்பிடிச் சுடும்னு சொல்லுவான்."

காப்பி ஏழுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துவிட்டுத் தயங்கித் தயங்கிக் கேட்டது.

"அப்ப நானு?"

"நீ செவப்பத் தவிர மத்ததெல்லாம் தின்னுபுடுற. செவப்ப மட்டும் தொடாம எலையில வச்சிருக்க. நல்ல ஆழமான அரக்குச் செவப்பு. இந்தச் சந்துல இப்பிடி ஒண்ண நான் பாத்து நாளாச்சு."

"உள்ள மட்டும் ஏண்ணே காப்பியாத் தெரியுறேன்?"

வெயில் கடைக்குள் எட்டிப் பார்த்தது. "உள்ள பரிமாறுறது யாரு, அவரா? நல்ல மனுசன்தான். ஆனா அவரு வாளியில நீலமும் பச்சையும்தான் நெறையாக் கெடக்கும். ஒன்னோட ஆழத்துச் செவப்பு அடிவாளியில ஒரு கரண்டி இருந்தாப் பெருசு. அதயும் அத்தன எலைக்கும் தொட்டுத் தொட்டு வைக்கணும். அப்பறம் ஒன் எல பழுப்பாத்தான் கெடக்கும்."

காப்பி ஏழுக்கு மூச்சைப் பிடித்து அடக்கியதும், நுனியை மடித்து ஒளித்ததும், தட்டில் எல்லாரும் சிரித்தபோது கூடச் சேர்ந்து சிரித்துவைத்ததும் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தது.

"அப்ப அது வெக்கம் இல்லையாண்ணே?"

"வெக்கமா? அது ஒன் கலருப்பா," என்றது வெயில்.

அதற்கு அழுகை வந்தது, சந்தோஷமும் வந்தது. தெரிந்த நேரத்தைப் பாருங்கள். பட்டறைக்காரர் வர இன்னும் முக்கால் மணிநேரம்கூட இல்லை.

அந்த நேரத்தில்தான் ஒரு அம்மாவும் மகளும் சந்துக்குள் வேகமாக வந்தார்கள். அம்மா அழகுராணி. மகள் நாகஜோதிதான் கல்யாணப் பெண். அவள் கையிலிருந்த பையில் கூரைப்புடவை இருந்தது, பட்டு, அரக்கு நிறம். முகூர்த்தத்துக்கு நாலே நாள். புடவையோடு வந்த ஜாக்கெட் துணியைத் தையற்காரர் இஸ்திரிப் பெட்டியால் பொசுக்கிவிட்டார். பகல் ஒரு மணிக்குள் வேறு துணி கொண்டுவந்தால் தைத்துத் தருகிறேன், இல்லையென்றால் என்னால் ஆகாது என்று கைவிரித்தும்விட்டார்.

"அக்கா, இதுக்கு ஒரு ஜாக்கெட் பிட்டு," என்று நாகஜோதி புடவையை விரித்தாள்.

ஜெயக்கொடி தட்டிலிருந்து அரக்கு மூன்றை உருவிப் புடவைமேல் வைத்தாள். குழல்விளக்கின் கீழே இரண்டும் ஒன்றாகக் கிடந்தன. "பொருத்தம். என் முன்னால் வைத்தபிறகு வேறு சாட்சி தேவையில்லை," என்றார் அவர். நாகஜோதி இரண்டையும் அள்ளிக்கொண்டு படிக்கு வந்தாள். வெயிலில் புடவை ஆழ்ந்த அரக்காக நின்றது. அரக்கு மூன்றோ செங்கல் பொடியாகிவிட்டது.

"இது செங்கலடிக்குதுக்கா."

அரக்கு ஐந்து வந்தது. உள்ளே பொருத்தம், வெளியே ரோஸ். அரக்கு ஒன்று வந்தது. உள்ளே பொருத்தம், வெளியே தக்காளி. போவதும் வருவதுமாக அரைமணிநேரம் ஓடிவிட்டது. பட்டுப் புடவைக்கே அலுத்துப் போயிற்று.

"உள்ள அந்தப் பெரியவரு முன்னால எல்லாரும் எங்கூடப் பொறந்தவக மாதிரி நிக்கிறாக. வெளிய வந்தா ஒருத்தரும் சொந்தமில்ல," என்று அது வெயிலிடம் சலித்துக்கொண்டது.

அழகுராணிக்குக் கால் வலித்தது. "ஏதோ ஒண்ண எடுடி. மாலையும் நகையும் போட்டா மறஞ்சுரும். ஜாக்கெட்ட யாரு உத்துப் பாக்கப் போறா?"

"நீதான் பாப்ப. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் பொண்ணோட ஜாக்கெட்டு ஒட்டலன்னு வீட்டுக்கு வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே வருவ."

அது உண்மை.

சாக்குக்குள்ளிருந்து காப்பி ஏழு எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தது. ஒரு கை தூரத்தில் அந்தப் புடவை, வெயிலில். அதன் இலையில் இருந்ததும் தன் இலையில் இருப்பதும் ஒன்றுதான் என்று அதற்குப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்தது அதற்கு மட்டும்தானே. நுனியை நீட்டலாமா? நீட்டி, ஐந்தாவது முறையும் 'ஐய, செவப்படிக்குது' என்று கேட்க வேண்டிவந்தால்? சாக்குக்குள்ளாவது யாரும் பார்ப்பதில்லை.

"தம்பி, எனக்கு நேரமாச்சு," என்றது வெயில். "தகரம் மறைக்கப் போகுது. இன்னும் அஞ்சு நிமிசந்தான் பரிமாற முடியும்."

சந்தின் முனையில் பட்டறைக்காரரின் சைக்கிள் மணி கேட்டது.

"சாக்கண்ணே," என்றது காப்பி ஏழு. "கொஞ்சம் வாயத் தொறங்க. செவக்குறதுன்னா நல்லாவே செவந்துட்டுப் போறேன்."

"இதுக்குத்தானப்பா இத்தன நேரம் காத்துக்கெடந்தேன்," என்று சாக்கு வாயை அகலமாகத் தளர்த்திக்கொடுத்தது. வாயைத் திறப்பதில் அதை மிஞ்ச ஆளில்லை. உள்ளே மடித்துக் கிடந்த நுனி பிரிந்தது. வழுக்கிக்கொண்டு வெளியே வந்து, படியில் முழங்கை நீளத்துக்கு வெயிலில் விழுந்தது. இந்தமுறை அது மூச்சைப் பிடிக்கவில்லை. கண்ணையும் மூடவில்லை.

ஒரு அடி பின்னால் வைத்த நாகஜோதி அதை மிதிக்கப் போய்ச் சட்டென்று காலைத் தூக்கிக்கொண்டாள்.

"அக்கா, இது என்ன துணி?"

"அது வேஸ்ட்டும்மா. காப்பிக் கலரு."

"காப்பியா? ஒங்க வீட்டுல காப்பி இந்தக் கலர்லயா போடுவீக?"

ஜெயக்கொடி குனிந்து பார்த்தாள். பார்த்ததும் துணிக்கட்டைச் சாக்கிலிருந்து எடுத்துப் புடவைமேல் வைத்தாள். புடவை எங்கே முடிகிறது, துணி எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியவில்லை. விரலால் தடவினால் பட்டின் வழவழப்பு நிற்கும் இடம் தெரிந்தது, அவ்வளவுதான். அழகுராணி கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "அடி ஆத்தே, கூடவே நெய்து அனுப்புன மாதிரியில்ல இருக்கு" என்றாள்.

"வாப்பா, எங்க இருந்த இத்தன நேரம்?" என்றது பட்டு.

"காப்பித் தட்டுல," என்றது அது.

கல்லாவிலிருந்து சௌந்தரபாண்டி எழுந்து வந்தார். "வாசல்ல நின்னு என்ன முடிவு பண்றது? உள்ள கொண்டாங்கம்மா, நல்ல வெளிச்சத்துல பாத்துருவோம்."

உள்ளே போனார்கள். மேஜைமேல் புடவை, அதன்மேல் துணி. பட்டு உடம்பு வழவழப்பு. கிடைத்த ஒரு கரண்டிச் சிவப்பையும் பளிச்சென்று திருப்பிக் காட்டிவிட்டது. பருத்திக்கு அந்த மினுக்கு ஏது? குழல்விளக்கு வைத்த கொஞ்சத்தில் அது பழுப்பாகப் படுத்துக்கிடந்தது. ஒன்று அரக்கு, ஒன்று காப்பி. பச்சைக் குழந்தைகூட ஒட்டவில்லை என்று சொல்லிவிடும்.

"பார்த்தீர்களா," என்றார் குழல்விளக்கு. "நான் அன்றைக்கே சொன்னேன், காப்பி என்று. சாக்கில் போட்டதும் சரிதான்."

அழகுராணியின் முகம் விழுந்துவிட்டது. "ஆமாடி, உள்ள வந்தா ஒட்டலையே." வாசலில் சைக்கிளை நிறுத்தும் சத்தம் கேட்டது. காப்பி ஏழு, இவ்வளவு தெரிந்துகொண்டும் அங்கேதான் போகப் போகிறோமா என்று நினைத்தது.

நாகஜோதி தலையை நிமிர்த்திக் குழல்விளக்கை ஒருமுறை பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"எம்மா, தாலி கட்டுறது கோயில் வாசல்ல, காலை பத்து மணி வெயில்ல. இந்த டியூப்லைட்டுக்கு நம்ம பத்திரிகையே வைக்கலையே?"

அழகுராணி சிரித்துவிட்டாள். ஜெயக்கொடியும் சிரித்தாள். சௌந்தரபாண்டி சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் மேலே ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

"வெட்டுங்கக்கா," என்றாள் நாகஜோதி.

கத்தரிக்கோல் ஓடியது. துணிக்கு வெட்டுப்படுவது வலிக்காது. அதற்கு அதுதான் தாய்வீட்டிலிருந்து புறப்படுகிற நேரம். ஒரு மீட்டர் நாகஜோதியின் பையில் பட்டோடு பட்டாக ஏறிக்கொண்டு தையற்காரரிடம் போனது. பட்டறைக்காரர் கிழிந்த மஞ்சளோடும் சாயம் இறங்கிய பச்சையோடும் இலேசான சாக்கைத் தூக்கிக்கொண்டு போனார். போகும்போது சாக்கு அகலமாக வாயைத் திறந்து, "நல்லாருப்பா" என்றது.

மிச்சத் துணிக்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜெயக்கொடி கொஞ்சநேரம் நின்றாள். பிறகு காப்பித் தட்டில் வைக்காமல் எதிர்ப்பக்கம் போய் அரக்குத் தட்டில் முதல் இடத்தில் வைத்தாள். அதோடு விட அவளுக்கு மனசு கேட்கவில்லை. மறுநாளிலிருந்து பதினொரு மணி அடித்ததும் தட்டு தட்டாகத் துணிகளைத் தூக்கிக்கொண்டு படிக்குப் போய் வைத்துப் பார்க்க ஆரம்பித்தாள். கருப்பு இரண்டு வெளியே போனதும் கருஞ்சிவப்பாக நின்றது. இத்தனை வருஷம் துக்க வீட்டுக்குப் போகிறவர்களுக்கே காட்டப்பட்டு வந்த அது, உற்சாகம் தாங்காமல் இரண்டு நாள் தூங்கவே இல்லை. சாம்பலில் ஒன்று வெங்காயத்தோலாக மாறிக் குடும்பத்தோடு சேர்ந்தது.

காப்பி ஆறும் தன் முறை வந்தபோது படிக்குப் போனது. தானும் ஏதாவது ராஜாவீட்டு நிறமாக மாறப் போகிறோம் என்று ஒரு நினைப்பு. வெயிலில் எந்தப் பக்கம் திருப்பினாலும் காப்பியாகவே இருந்தது.

"அம்புட்டுத்தானா?" என்றது ஏமாற்றத்தோடு.

"இந்தச் சந்துல ஒன்னய மாதிரி அசல் காப்பி யாருமே இல்லப்பா," என்றது வெயில். காப்பி ஆறு அதை மூன்று நாளைக்குச் சொல்லிச் சொல்லி மகிழ்ந்தது.

குழல்விளக்கு இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள் சுவிட்சைப் போட்டதும், "அன்பார்ந்த துணிகளே" என்று பழையபடி ஆரம்பித்துவிட்டார். வெயில் ஒரு மணிநேர விருந்தாளி. மீதி நேரம் முழுக்க இவரோடுதானே காலம் தள்ள வேண்டும்? துணிகளும் பழையபடி ஐயா போட்டுப் பேசின.

ஒருநாள் வெயில் படியை விட்டுப் போனபின் காப்பி ஆறு எதிர்த் தட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தது.

"ஏ வெக்கக்காரா, அரக்குத் தட்டுல ஏறி உக்காந்தா மட்டும் என்ன? இந்த வெளிச்சத்துல நீ இன்னமும் காப்பியாத்தான்டா தெரியுற."

அரக்கு தன் நுனியை மடிக்காமல் தொங்கவிட்டபடி மேலே எரிந்துகொண்டிருந்த பெரியவரைப் பார்த்தது. அவர்மேல் அதற்கு இப்போது கோபமும் இல்லை, பயமும் இல்லை.

"தெரிஞ்சுட்டுப் போகட்டும்ண்ணே," என்றது. "அவரு வாளியில இல்லாதத என் எலையில தேடுனா எப்பிடி?"